கழட்டின லென்ஸ் வாங்கலாமா?

இந்தத் தடவை கொஞ்சம் கேமரா, கொஞ்சம் காமர்ஸ். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கிறவங்க கடைசி வரைக்கும் வாங்க.

எங்க பெருநகர் பக்கம் தை பிறந்தாலே கேமராக்காரங்களுக்குச் சீசன்தான். தைப்பூசத்துக்குச் சுத்துப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் செய்யாற்றில் வந்து இறங்கும். அதை ஒட்டியே கல்யாண முகூர்த்தங்களும் வரிசை கட்டும். இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்ற பசங்க பெரும்பாலும் புது லென்ஸ் வாங்கி ஆரம்பிக்கிறதில்லை. முகம் தெரியாத ஒருத்தர் நெட்டில் விற்கிற பழைய லென்ஸ்தான் முதல் முதலீடு. அது சொதப்பினா போறது காசு மட்டும் இல்லை, அடுத்தவங்க வீட்டுத் தாலி கட்டுற போட்டோவும்தான்.

இவங்களுக்கு எல்லோரும் சொல்ற அட்வைஸ் ஒண்ணே ஒண்ணு: "யாராவது கழட்டின லென்ஸ்னா கிட்டயே போகாதே." இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கழட்டினது தப்பில்லை. கழட்டினதை மறைச்சு விற்கிறதுதான் தப்பு.

ஏன் கழட்டுறாங்கன்னு முதல்ல பாருங்க. நம்ம ஊர் காத்தில் ஈரம் அதிகம். லென்ஸைப் பைக்குள்ளயே பூட்டி வெச்சா, ஐப்பசி கார்த்திகை மழை முடியறதுக்குள்ள கண்ணாடியில் ஃபங்கஸ் வந்துடலாம். சிலந்தி வலை மாதிரி பரவும். அது கக்குற அமிலம் கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்கையே அரிச்சிடும். அப்புறம் துடைச்சாலும் தடம் போகாது. அதனால சீக்கிரம் கழட்டிச் சுத்தம் பண்றது நல்லதுதான். பழைய மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்கலைன்னா கைத்தொழில் தெரிஞ்சவர்தான் ஒரே வழி.

ஆனா வேலை தெரிஞ்சவர் கழட்டினதுக்கும், வீடியோ பார்த்துக் கழட்டினதுக்கும் வித்தியாசம் உண்டு. போட்டோவிலேயே பாதி தெரிஞ்சிடும்.

முதல்ல மவுண்ட்டில் இருக்கிற ஸ்க்ரூ. ஜப்பான் லென்ஸ்களில் வர்றது பார்க்க நம்ம ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருந்தாலும் ஜேஐஎஸ்ங்கிற ஜப்பான் அளவு. சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினா வழுக்கி, ஸ்க்ரூ தலை நசுங்கும். கறுப்புத் தலையில் வெள்ளி மாதிரி பளபளப்பு தெரிஞ்சா யாரோ மல்லுக்கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். சில பேர் அதை மார்க்கர் பேனாவால் பூசி மறைப்பாங்க. டார்ச் அடிச்சா அந்த மை ஊதா கலந்து தெரியும்.

ரெண்டாவது, கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற வளையம். அதைத் திருக ரெண்டு சின்ன வெட்டு இருக்கும். சரியான டூல் இல்லாம காம்பஸ் முள்ளை வெச்சு நெம்பினா வெட்டின் ஓரம் பிஞ்சிருக்கும், முள் வழுக்கின இடத்தில் கண்ணாடியில் கோடு விழுந்திருக்கும்.

மூணாவது, பசை. கேனான் 50 எம்எம் 1.8 ரெண்டாம் மாடல்னு ஒண்ணு 1990-ல் வந்தது. 2015-ல் எஸ்டிஎம் மாடல் வர்ற வரைக்கும் ஏழை போட்டோகிராஃபரின் லென்ஸ் அதுதான். மவுண்ட் கூட பிளாஸ்டிக். கீழே விழுந்தா முன்பக்கம் தனியா கழண்டு வர்றதில் பேர் போனது. உடனே ஃபெவிக்விக்தான்! அந்த வகைப் பசையின் ஆவி சுற்றிலும் வெள்ளையாப் படியும். ஒட்டின இடத்துப் பக்கம் வெள்ளைப் பூச்சு தெரிஞ்சா உஷார்.

நாலாவது, உள்ளே இருக்கிற கைரேகை. வெளியே ரேகை இருந்தா துடைக்கலாம். உள் கண்ணாடியில் ரேகை இருந்தா அது தானா போய் உட்காரலை.

சில விஷயம் கைக்கு வந்தாதான் தெரியும். ஃபோகஸ் திருகும் மரைக்குப் பல தொடக்கம் இருக்கும். தப்பான தொடக்கத்தில் மாட்டினா தூரத்து மலையும் நிலாவும் ஃபோகஸ் ஆகவே ஆகாது. கண்ணாடி சாஞ்சு உட்கார்ந்திருந்தா, சுவரில் ஒட்டின செய்தித்தாளை அபர்ச்சர் முழுசா திறந்து நேரா எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் எழுத்து தெளிவா, மறுபக்கம் கலங்கலா இருக்கும்.

சரி, இப்போ காமர்ஸ். பி.காம்ல பிசினஸ் லா பேப்பரைத் தூங்கிக்கிட்டே எழுதின நண்பர்களே, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவு ஞாபகம் இருக்கா? ஒரு உண்மையைத் தெரிஞ்சே ஏமாத்துற நோக்கத்தோட செயல்பட்டு மறைச்சா அது மோசடி. ஆனா சும்மா வாயை மூடிக்கிட்டு இருக்கிறது பொதுவா மோசடி ஆகாது. 19-ஆம் பிரிவு இன்னும் கறார்: சாதாரண கவனத்தோட பார்த்தாலே கண்டுபிடிச்சிருக்கலாம்னா, "அவர் சொல்லவே இல்லை"ன்னு காட்டி ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாது.

அதனால கேட்கணும், எழுத்தில் கேட்கணும். "இதை யாராவது கழட்டினாங்களா? எதுக்கு? என்ன மாத்தினாங்க?" மூணே கேள்வி. இல்லைன்னு பொய் எழுதினா அது மௌனம் இல்லை, அறிஞ்சே சொன்ன பொய். அஞ்சாயிரம் ரூபாய்க்குக் கோர்ட்டுக்குப் போக மாட்டோம்தான். ஆனா காசைத் திருப்பிக் கேட்கக் கையில் ஒரு பிடி இருக்கும். கூடவே டார்ச் அடிச்ச வீடியோ, ஸ்க்ரூ கிட்டத்துப் படம் கேளுங்க. பார்சல் பிரிக்கும்போது நீங்களும் வீடியோ எடுங்க.

அப்போ கழட்டின லென்ஸை ஒதுக்கிட்டா பிரச்னையே இல்லையேன்னு தோணும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். 2001 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைச்சதும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான். விற்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியலைன்னா, எல்லாத்துக்கும் மட்ட விலைதான் கேட்பான். நல்ல பொருள் வெச்சிருக்கிறவன் கட்டுப்படியாகாம சந்தையை விட்டே போயிடுவான். ஓட்டை உடைசல்தான் மிஞ்சும்.

நம்ம லென்ஸ் சந்தையில் இதை நாமளே செய்றோம். "ஃபங்கஸ் இருந்தது, இன்ன இடத்தில் சுத்தம் பண்ணினேன்"னு உண்மையைச் சொல்றவர்கிட்ட பாதி விலை பேசுறோம், இல்லைன்னா ஓடிடுறோம். "புத்தம் புதுசு மாதிரி பாஸ்"னு மார்க்கர் பூசினவருக்கு முழு விலை. அடுத்த தடவை அந்த உண்மைக்காரரும் மார்க்கர் வாங்கத்தானே செய்வார்?

என் கட்சி இதுதான். சொல்லி விற்கிற ரிப்பேர் லென்ஸுக்கு, சோதிச்சுப் பார்த்துட்டு, நியாயமான விலை கொடுங்க. மறைச்ச அடையாளம் ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாலும், படம் எவ்வளவு அழகா வந்தாலும், வேண்டாம்னு சொல்லுங்க. ஒண்ணை மறைச்சவர் இன்னொண்ணையும் மறைச்சிருப்பார். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா சண்டைக்கு வரலாம், ஸ்க்ரூ டிரைவர் மட்டும் எடுத்துட்டு வராதீங்க!