இரத்தத்தின் மேல் பழி



சென்ற மாதம் ஒரு மூதாட்டி தம் மகள் வயிற்றுப் பேரனை நம் அறைவீட்டிற்கு அழைத்து வந்தார். சிறுவனுக்கு வயது 11. தாய் இறந்துவிட்டாள், தகப்பன் கொலைக் குற்றத்திற்காகச் சிறையில் இருக்கிறான். பள்ளியில் உடன் படிக்கும் ஒருவனைக் கல்லால் அடித்துவிட்டானாம். "அப்பன் இரத்தம், சாமி! இவனும் ஆட்டோ சங்கரைப் போல் ஆகிவிடுவானோ?" என்று கேட்டார். அந்த இரத்தத்தை அடக்கவென்றே தாய்மாமன் நாள்தோறும் பெல்ட்டால் அடிக்கிறாராம். சிறுவன் தலை நிமிரவில்லை.

ஆட்டோ சங்கரை இளைய வாசகர் அறியார். சென்னை திருவான்மியூரில் கள்ளச் சாராயமும் விபசாரத் தொழிலும் நடத்தியவன். ஆறு பேரைக் கொன்ற வழக்கில் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டான். பிறவிக் கொலைகாரன் என்று அந்நாளில் பேசியோர் உண்டு. அப்படிச் சொல்லிவிட்டால் வளர்த்தவருக்கும் பொறுப்பில்லை, வாழவிட்டவருக்கும் பொறுப்பில்லை அல்லவா!

கொலைகாரனுக்கென்று தனி மரபணு எதுவும் இல்லை. ஆயினும் சினத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒன்று உண்டு; எம்.ஏ.ஓ.ஏ. என்பது அதன் பெயர். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த குழந்தைகளை அறிஞர்கள் ஆண்டுக்கணக்காய்த் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களுள் ஆண்பிள்ளைகள் 442 பேரைப் பற்றிய முடிவு 2002இல் வெளிவந்தது. இம்மரபணு குறைவாக இயங்குவதும் இளமையில் கொடுமைக்கு ஆளானதும் ஒருங்கே சேர்ந்தவர்கள் 12 விழுக்காட்டினரே. வன்முறைக் குற்றத் தண்டனைகளிலோ 44 விழுக்காடு அவர்கள் பெற்றவை. அதே மரபணுவோடு பிறந்து, அடி உதையின்றி வளர்ந்தவர்கள் பிறரைவிடக் கெட்டுப்போய்விடவில்லை. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒரே அளவில் உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இளமைக் கொடுமை தீங்கு செய்யும் என்பதில் மட்டும் அவற்றிடையே பேதமில்லை.

இன்னொன்றையும் மூதாட்டியிடம் சொன்னோம். இம்மரபணு ஆண்பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து வருவதே இல்லை. தாய் வழியாகத்தான் வரும். "அப்படியானால் என் மகளிடமிருந்தா?" என்றார். உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம், அம்மா, என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், தகப்பன் சிறை செல்லுமுன் இந்தப் பிள்ளையைத் தூணில் கட்டிவைத்து அடித்ததைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார். அதுவரை அது ஒரு செய்தியாகவே அவருக்குப் பட்டதில்லை.

தாய்மாமன் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். நல்ல மனிதர், சொந்தப் பிள்ளைகள் மூவர் இருந்தும் இவனுக்குச் சோறு போடுகிறார். மருந்து அறைக்குள் இரும்புக் கருவி ஆகாது, உராய்வு ஆகாது என்பதை அவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. சிறுவனின் முதுகை நாம் பார்த்தோம். வரும் ஞாயிறு ஆலைக்கு விடுமுறை; பூசை முடிந்ததும் அறைவீட்டிற்கு வருமாறு அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.