சேமிக்கப்படும் நேரம் யாருடையது?

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குக் காரில் சென்று திரும்புபவர்கள் இப்போது நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஊர்ந்து ஒன்றரை மணி நேரம் சென்ற காலம் போய், ஒரு மணி நேரத்துக்குள் நடராசர் கோயில் கோபுரம் கண்ணில் பட்டுவிடுகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் வரை சுமார் 180 கிலோமீட்டர் நீளும் நான்குவழிச் சாலையின் பயன் இது. நானும் அச்சாலையில் பயணம் செய்பவன்தான்; கனரக வாகனங்கள் ஊருக்கு வெளியே செல்வது நகரவாசிகளுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதையும் அறிவேன். ஆனால், அதே ஊர்களுக்குப் பேருந்தில் செல்பவரின் நேரம் குறைந்திருக்கிறதா என்று கேட்டால், அத்தனை எளிதாகப் பதில் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை ரூ.2,350 கோடி செலவில் முடிந்து திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, மரக்காணம்–புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டர் சாலையை ரூ.2,157 கோடியில் நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நமக்குத் தெற்கிலும் வடக்கிலுமாக ஏறத்தாழ ரூ.4,500 கோடி. இவற்றோடு, நெய்வேலி விமானதளத்திலிருந்து பயணிகள் சேவை வேண்டும் என்ற கோரிக்கையும், புதுச்சேரி விமான நிலைய ஓடுபாதையை நீட்டிக்க வேண்டும் என்ற முயற்சியும் தொடர்ந்து செய்தியாகின்றன. இத்தகைய திட்டங்கள் அனைத்துக்கும் நியாயம் கற்பிக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: மிச்சமாகும் நேரம்.

நெடுஞ்சாலைத் திட்டங்களின் பொருளாதார மதிப்பீட்டுக்கு இந்திய சாலைகள் பேரவை வகுத்த கையேடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. வாகனத்தின் இயக்கச் செலவு குறைவது, விபத்து குறைவது, பயணியின் நேரம் மிச்சமாவது ஆகியவற்றை ரூபாயில் மதிப்பிட்டு, கட்டுமானச் செலவோடு ஒப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். முறையில் பிழையில்லை. பிழை நுழைவது நேரத்துக்கு விலை வைக்கும் இடத்தில். கார் பயணியின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு. பேருந்துப் பயணியின் ஒரு மணி நேரத்துக்கு அதைவிடக் குறைந்த மதிப்பு. வருமானத்தை ஒட்டி நேரத்தை அளப்பதால் வரும் விளைவு இது. சாலையில் பயணம் செய்யாமல் அதைக் குறுக்கே கடக்க நேரும் உழவருக்கோ பள்ளி மாணவிக்கோ கணக்கில் இடம் தேடினாலும் கிடைப்பது அரிது.

வகுப்பறையில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டியது இலண்டன் விவகாரத்தை. அந்நகருக்கு மூன்றாவது விமான நிலையத்தை எங்கே அமைப்பது என்று ஆராய 1968-இல் நீதிபதி ரோஸ்கில் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. செலவு–பயன் பகுப்பாய்வு அதுவரை கண்டிராத அளவு விரிவாக அங்கே செய்யப்பட்டது. இடிபடவிருந்த ஸ்டூக்லி என்னும் ஊரின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்கு, அதன் தீக்காப்பீட்டுத் தொகையையே மதிப்பாக வைத்தார்கள் ஆய்வுக் குழுவினர், நாடே நகைத்தது. ஆனால், முடிவைத் தீர்மானித்தது தேவாலயம் அன்று. விமான நிலையத்துக்கு வந்துசேரப் பயணிகள் செலவிடும் நேரத்தின் மதிப்பே தராசைச் சாய்த்தது. வணிகப் பயணியின் நேரம் விலை மிகுந்தது. எனவே, கடலோரத்துச் சதுப்பு நிலமான ஃபவுல்னஸைத் தவிர்த்து, உள்நாட்டுக் கிராமப்புறமான கப்ளிங்டனையே 1971-இல் ஆணையம் பரிந்துரைத்தது. உறுப்பினர்களில் ஒருவரான நகரமைப்பு அறிஞர் காலின் புக்கானன் மட்டும் உடன்பட மறுத்துத் தனிக் குறிப்பு எழுதினார். அரசு புக்கானனின் பக்கம் சாய்ந்து ஃபவுல்னஸைத் தேர்ந்தெடுத்தது. 1974-இல் அதையும் கைவிட்டது. கணக்கு தவறாகக் கூட்டப்படவில்லை. யாரைக் கூட்டலில் சேர்ப்பது, யாருக்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு.

நம் ஊருக்குத் திரும்புவோம். 2024 டிசம்பர் இறுதியில் பரங்கிப்பேட்டை அருகே கொத்தட்டையில் சுங்கச்சாவடி செயல்படத் தொடங்கியபோது, கடலூர்–சிதம்பரம் தனியார் பேருந்து உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பேருந்துகளை நிறுத்தினார்கள். அதை முதலாளிகளின் தகராறாகவே பலரும் பார்த்தார்கள். விதியைச் சற்று ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரியும். சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்தக் காருக்கு மாதம் சில நூறு ரூபாயில் அனுமதிச் சீட்டு உண்டு. எத்தனை முறையும் போய்வரலாம். அதே வட்டாரத்துக் கூலித் தொழிலாளர்களையும் கல்லூரி மாணவர்களையும் ஏற்றிச் செல்லும் பேருந்து வணிக வாகனம். அதற்கு அந்தச் சீட்டு கிடையாது. மாவட்டத்தில் பதிவான வாகனம் என்ற வகையில் கிடைக்கக்கூடிய கட்டணக் குறைப்பும் நிபந்தனைக்கு உட்பட்டது. நாளொன்றுக்குப் பல நடை சென்று திரும்பும் பேருந்துக்கு அது எம்மூலைக்கு?

கட்டணத்தைத் தவிர்க்கப் பேருந்து பழைய சாலையிலேயே சென்றால் பயணிக்கு நேரம் மிச்சமில்லை. புதிய சாலையில் சென்றால் ஊருக்குள் வராது, புறவழியில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்கு நடக்க வேண்டும், அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒரு பேருந்தில் 60 பேர் இருந்து, ஒவ்வொருவருக்கும் இப்படிப் பத்து நிமிடம் கூடுதலானால், ஒரு நடைக்குப் பத்து மணி நேரம் வீணாகிறது. இரண்டு பேர் செல்லும் காரில் தலைக்கு அரை மணி நேரம் மிச்சமானால், கிடைப்பது ஒரு மணி நேரம். எத்தனை கார், எத்தனை பேருந்து என்பதைப் பொறுத்து விடை மாறும், மறுக்கவில்லை. அந்த எண்ணிக்கையை இரு பக்கமும் எடுத்துப் பார்த்தோமா என்பதே என் கேள்வி.

நிலத்தைக் கொடுத்தவரின் கணக்கு இன்னும் சிக்கலானது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. அதற்கு முந்தைய காலத்தில் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்தோருக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று தர்செம் சிங் வழக்கில் 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆயினும் அடிப்படைச் சந்தை மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்று அரசின் வழிகாட்டி மதிப்பு. மற்றொன்று அண்மைக் கால விற்பனைப் பத்திரங்கள். முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதுவது நம்மூர் வழக்கம். ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். தமிழக அரசு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. வீட்டுமனை வாங்குவோருக்கு அது சலுகை. அந்த இடைப்பட்ட ஆறாண்டுகளில் சாலைக்காக நிலம் அறிவிக்கை செய்யப்பட்டவருக்கு? தானே கேட்காத ஒரு தள்ளுபடியை அவர் அரசுக்கு அளித்தவராகிறார். பத்திரத்தில் குறைத்து எழுதிய குற்றம் நம்முடையது என்று வாதிடலாம். பாட்டன் வழி வந்த நிலத்தை என்றுமே விற்காத விவசாயிக்கு அந்த வாதம் பொருந்தாது.

காத்திருப்பும் ஒரு செலவு. கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்காக 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் 2010-இல் குறிக்கப்பட்டது. அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக உரிமையாளர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல், அடமானம் வைக்கவும் வழியின்றி இருந்தார்கள். பயணியின் அரை மணி நேரத்துக்கு விலை வைக்கத் தெரிந்த நமக்கு, இவர்களின் பத்தாண்டுக்கு விலை வைக்கத் தெரியவில்லை.

விமானப் போக்குவரத்தைப் பொறுத்தவரை, நம் பகுதியின் ஆசை பெரிது, கணக்கு சிறிது. உதான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே, 2017-இல், நெய்வேலி–சென்னை வழித்தடம் ஒதுக்கப்பட்டது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்று உச்சவரம்பு. விமான நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்ட மூன்றாண்டுகளுக்கு மானியம். எட்டாண்டுகள் கடந்த பின்னும் சேவை தொடங்கியபாடில்லை. தொடங்கினாலும் என்னவாகும் என்று ஒரு கடலூர்வாசியாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். மஞ்சக்குப்பத்திலிருந்து நெய்வேலி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரம். விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டும். பறக்க முக்கால் மணி. மீனம்பாக்கத்திலிருந்து வெளியே வந்து எழும்பூரை அடைய மேலும் ஒரு மணி. மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம். பேருந்தில் ஏறினால் நான்கு, நான்கரை மணி நேரத்தில் சென்னையில் இருப்பேன், வழியில் தேநீரும் குடித்திருப்பேன்.

இது நெய்வேலியின் தனிக்குறை அன்று. மூன்றாம் சுற்று வரை உதானில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்று 2023-இல் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கூறியது. தொடங்கிய 371-இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112. அதற்குப் பின்னும் 2023 மார்ச் வரை நீடித்தவை 54 மட்டுமே. சேலத்தில் 1993-இல் திறந்த விமான நிலையம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, 2018-இல் சேவை பெற்று, 2021-இல் இழந்து, 2023 அக்டோபரில் மீண்டும் பெற்றது. புதுச்சேரியிலும் 2024 மார்ச்சில் நின்ற சேவை டிசம்பரில்தான் வேறொரு நிறுவனத்தால் திரும்பியது. அங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். சிறிய ஏடிஆர் விமானங்களுக்கே அது போதும். நீட்டிப்பதற்கான நிலமோ விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். நெய்வேலி, புதுச்சேரி என்று இரு சிறு நிலையங்கள் ஒரே சிறு கூட்டத்துக்குப் போட்டியிடுவதில் பொருளில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இணைப்புள்ள புதுச்சேரியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நெய்வேலி நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

உண்மையில் இப்பகுதி மக்களின் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தக்கூடியது தண்டவாளம். விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாக மாறி 2010-இல் திறக்கப்பட்டது. பின்னர் மின்மயமும் ஆயிற்று. ஆனால் இன்றும் ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்காக நிலையத்தில் நிற்கும் நேரம் யாருடைய திட்ட அறிக்கையிலும் இல்லை. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னை–கடலூர் கடலோரப் பாதை சுமார் இருபதாண்டுகளாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. நான்குவழிச் சாலை வடக்கிலிருந்து தெற்கே, அத்தனையையும் குறுக்காக வெட்டிச் செல்கிறது. ஆறுகளின் மேல் பெரிய பாலங்கள் இருக்கின்றன; அவை கவலையில்லை. ஆறுகளுக்கு இடையே வயல்வெளியில் பரவி வடியும் நீருக்குச் சாலை ஒரு நீண்ட கரை. எத்தனை சிறுபாலங்கள், எவ்வளவு அகலத்தில், எவ்வளவு தாழ்வாக அமைகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு வயலில் நீர் இரண்டு நாள் நிற்குமா, ஏழு நாள் நிற்குமா என்பது முடிவாகும். சம்பாப் பயிருக்கு அந்த ஐந்து நாள் வேறுபாடுதான் விளைச்சலுக்கும் அழுகலுக்கும் இடைப்பட்டது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணையின் கடைக்கோடியில் இருந்த நாங்கள் பார்த்தது சாலை செய்த வெள்ளம் அன்று. அணையும் மழையும் செய்த வெள்ளம். அவ்வளவு நீரைச் சிறுபாலங்களைக் கொண்டு சமாளிக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால், வந்த நீர் எத்தனை நாளில் வடிந்தது, எந்த ஊரில் முதலில், எந்த ஊரில் கடைசியில் என்பது பொறியாளருக்கு விலைமதிப்பற்ற தகவல். சாலைக்கு மேற்கே ஒரு கணக்கும் கிழக்கே ஒரு கணக்கும் எடுத்தால் போதும்; எங்கே சிறுபாலம் போதவில்லை என்று புரிந்துவிடும். கடலூருக்கு அருகே தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி மக்கள் எத்தனை நாள் வீட்டைவிட்டு வெளியே இருந்தார்கள் என்பதும், எந்தக் கிராமத்தில் எவ்வளவு பயிர் மூழ்கியது என்பதும் நிவாரணம் வழங்குவதற்காகவே வருவாய்த் துறை ஊர்வாரியாக எடுக்கும் கணக்கு. மரக்காணம் சாலையோ, அதற்கு அடுத்த சாலையோ, திட்ட அறிக்கை எழுதுபவர் கேட்டால் கிடைக்கும். அந்தக் கோப்புகளைத் தேடி அவர் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்துக்கு வந்தால் போதும்.