பிரக்யானும் நம் ஊர் டிப்ளமோ பிள்ளைகளும்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவம் அருகே இறங்கியது. அதிலிருந்து வெளிவந்த 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் சுமார் 100 மீட்டர் ஊர்ந்தது. நிலவின் மண்ணில் லேசர் பாய்ச்சி, கந்தகம் இருப்பதை உறுதி செய்தது.

திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பள்ளிக்குப் பின் அவர் சேர்ந்தது பாலிடெக்னிக்கில்! டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் மேற்படிப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம்.

ராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம் என நம் தஞ்சை மாவட்டத்து ஊர்களில் டிப்ளமோ முடித்த பிள்ளைக்கு அடுத்து எடுப்பது பெரும்பாலும் பாஸ்போர்ட்தான். வளைகுடா சம்பாத்தியத்தை நாம் குறை சொல்லவில்லை. நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் டிப்ளமோ படித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? அந்த என்.ஐ.டி. இருப்பது தஞ்சை–திருச்சி சாலையில், துவாக்குடியில். விமானம் ஏறப் போகும் பிள்ளைகள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல செங்கோட்டை நிகார் ஷாஜி இருக்கிறார்: அரசுப் பள்ளியில் படித்து, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநரானவர், மாஷா அல்லாஹ்.

ஜமாஅத்துகள் நடத்தும் பரிசளிப்பு விழாக்களில் பிளஸ் டூ மாணவர்களோடு டிப்ளமோ மாணவர்களையும் மேடையேற்றலாம். இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கைக்கான விண்ணப்பத் தேதியை ஜும்ஆ அறிவிப்பில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.