காற்றுப்பைச் சட்டை வரட்டும். கயிற்றை விட வேண்டாம்

கைப்பேசியில் இப்படி ஒரு காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம். ஏணியின் மேல்படியில் நிற்கும் ஒருவர் பின்பக்கமாகச் சரிகிறார். தரையைத் தொடுவதற்குள் அவர் போட்டிருக்கும் கையில்லாச் சட்டை ‘புஸ்’ என்று ஊதிப் பெருக்கிறது. கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் காற்று மெத்தை சுற்றிக்கொள்கிறது. விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நடக்கிறார். தென்னந்தோப்பு வைத்திருக்கும் எவருக்கும் உடனே தோன்றுவது, ‘நம் மரம் ஏறுபவருக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன?’ என்பதுதான். நல்ல எண்ணம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இந்தச் சட்டை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களிடமும் குதிரை ஏறுபவர்களிடமும் இருந்து வந்தது. மோட்டோ ஜிபி பந்தயத்தில் 2018 முதல் காற்றுப்பை இல்லாமல் யாரும் ஓட்ட முடியாது. பழைய வகையில், சட்டையிலிருந்து ஒரு கயிறு வண்டியோடு கட்டியிருக்கும். ஆள் தூக்கி எறியப்பட்டதும் கயிறு இழுபட்டு வாயுக் குப்பி திறக்கும். புதிய வகையில் கயிறு இல்லை. உடல் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைச் சிறு மின்னணுக் கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். விழுகிறார் என்று தெரிந்ததும் கார்பன் டை ஆக்சைடு குப்பியைத் திறந்துவிடும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பை நிரம்பிவிடும். உயரத்தில் வேலை செய்பவர்களுக்கென்றே இப்போது இதைச் செய்து விற்கிறார்கள்.

பை நேரத்துக்கு விரிந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். விரிந்த பிறகு அது எவ்வளவு அடியைத் தாங்கும்? சின்ன வயதில் வைக்கோல் போரில் குதித்தவர்களுக்கு இது தெரியும். வைக்கோல் ஆழமாக அமுங்கினால் அடிபடாது. மேலே ஒரு பிடி வைக்கோல் மட்டும் பரப்பிக் குதித்தால் இடுப்பு போய்விடும். விழுந்த உயரத்தை, அமுங்கும் ஆழத்தால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்தான், உடம்பின் எடையைப் போல் எத்தனை மடங்கு அடி சராசரியாக விழும் என்பதற்கான தோராயக் கணக்கு. சட்டையின் பை 10 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று கொள்வோம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 20 மடங்கு. வலிக்கும், ஆனால் மீள வாய்ப்புண்டு. 15 மீட்டர், அதாவது 50 அடித் தென்னையிலிருந்து விழுந்தால் 150 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 9 டன். அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றே முக்கால் நொடிதான் ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இதைப் பத்து சென்டிமீட்டர் காற்று என்ன செய்துவிடும்?

சட்டையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் வேறு. மாட்டுக் கொட்டகைக் கூரை மாற்றுவது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரின் மேல் நிற்பது, ஏணி போட்டு மாங்காய் பறிப்பது, பந்தல் காய்கறியில் கம்பி இழுப்பது என்று ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நடக்கும் வேலைகள் பண்ணையில் ஏராளம். ‘இவ்வளவு உயரம்தானே’ என்று எவரும் கயிறு கட்டாத இடங்கள் இவை. பின்பக்கமாக விழுந்து முதுகெலும்போ மண்டையோ உடைவதும் இங்கேதான். இத்தகைய வேலைக்குத் தலைக்கவசத்தோடு காற்றுப்பைச் சட்டையும் இருந்தால் நல்லதே. பிரிட்டனில் வீடு கட்டும் இடங்களில், தளம் போடும்போது கீழே காற்று மெத்தைகளை வரிசையாகப் பரப்பி வைக்கிறார்கள். அதுவும் சுமார் 2 மீட்டர் விழுகைக்குத்தான்.

தென்னந்தோப்பில் மரத்தடியில் மெத்தை போடலாமே என்று கேட்கலாம். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு மரம் மெத்தையை இழுத்து, விசிறி வைத்து ஊதி, கீழே கிடக்கும் மட்டையும் பன்னாடையும் அதைக் கிழிக்காமல் பார்த்து, விழுபவர் அதன் மேலேயே விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

உயர மரத்தில் காற்றுப்பைச் சட்டை போடுவதில் வேறு சிக்கல்களும் உண்டு. மரம் ஏறுபவர் மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் ஏறுகிறார். குனிவார், தாவுவார், சட்டென்று ஓரடி சறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதை விழுகை என்று கருவி தவறாக நினைத்து, பாதி மரத்தில் பை ஊதிக்கொண்டால் அவரை மரத்திலிருந்து வெளியே தள்ளிவிடும் ஆபத்து உண்டு. பனையேறிகளுக்கு இன்னும் மோசம். நெஞ்சு மரத்தில் உரசிக்கொண்டே போகும். மேலே கருக்கு மட்டை ரம்பம் மாதிரி காத்திருக்கும். இடுப்பில் பாளை சீவும் அரிவாள். துணிக்குள் இருக்கும் பை எத்தனை நாள் கிழியாமல் இருக்கும்? மின்கலத்தில் சார்ஜ் இருக்கிறதா, குப்பி புதிதா என்று தினமும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு கிலோ கூடுதல் சட்டையோடு முப்பதாவது மரத்தில் ஏறுபவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் உயர மரத்தில் ஆளைக் காப்பது எது? கயிறுதான். விழுந்த பிறகு அடியைத் தாங்குவது அல்ல, விழவே விடாமல் பிடிப்பது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் ஒரு விவசாயி உருவாக்கிய மரமேறும் கருவி பெரும்பாலானோருக்குத் தெரியும். அதில் நின்றுகொண்டு ஏறுபவரின் கால் நழுவினால் பிடிக்க எதுவும் இல்லை என்பது தொடக்கத்தில் இருந்த குறை. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அதற்கென்று ஒரு பாதுகாப்பு இணைப்பைச் செய்தது. உடல் பெல்ட்டை மரத்தோடு இணைத்து, கால் நழுவினாலும் கீழே போகவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். கருவி வாங்கும்போது இந்த இணைப்பையும் கேட்டு வாங்குங்கள். விலையைக் குறைக்க அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

பெல்ட் என்றதும் இடுப்பு பெல்ட்டை நினைக்காதீர்கள். இடுப்பில் மட்டும் கட்டியவர் விழுந்து தொங்கினால், அடி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவரும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர நிர்ணய எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்புப் பட்டை வைத்த கயிறானால், பிடிக்கும்போது உடம்பில் விழும் இழுப்பு சுமார் 600 கிலோவைத் தாண்டாது. மேலே பார்த்த 9 டன்னோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கயிற்றை மரத்தைச் சுற்றித் தளர்வாக விட்டால் ஆளோடு சேர்ந்து அதுவும் வழுக்கி இறங்கும். இழுத்தால் இறுகும் சுருக்காக இருக்க வேண்டும், எப்போதும் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். அரிவாள் பட்டுக் கயிறு அறுவதும் உண்டு. அதனால் வெளிநாடுகளில் மரம் வெட்டுபவர்கள் உள்ளே எஃகுக் கம்பி ஓடும் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போடுகிறார்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மட்டும் அது வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலும் ஆபத்து ஏறும்போது வருவதில்லை. கொண்டைக்குள் புகும் அந்த ஒரு நிமிடத்தில் வருகிறது. பிடித்த மட்டை காய்ந்த மட்டையாக இருந்தால் கையோடு வந்துவிடும். குளவிக் கூடு கலையும். மழைக்குப் பின் பாசி வழுக்கும். சிவப்புக் கூன்வண்டு குடைந்த மரமும், தஞ்சாவூர் வாடல் பிடித்த மரமும், இடி விழுந்த மரமும் ஏறும்போதே முறியலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன மரங்களில் பிழைத்தவை டெல்டாவில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் அடியைத் தட்டிப் பார்க்காமல் யாரையும் ஏற்றக் கூடாது. எந்த மரம் ஏறத் தகுந்தது என்பது தோட்டக்காரராகிய உங்களுக்குத்தான் தெரியும். வெட்டுக்கு முதல் நாள் தோப்பைச் சுற்றி வந்து, ஏறக்கூடாத மரத்துக்குச் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவையுங்கள்.

இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசப்பானது. பெல்ட்டைக் கொடுத்தால் மரமேறுபவர்கள் போடமாட்டேன் என்கிறார்கள் என்று தோட்டக்காரர்கள் குறைப்படுகிறார்கள். அவர்களைக் கேட்டால் வேறு பதில் வருகிறது: “கயிறு மாட்டி ஏறினா ஒரு நாளைக்கு எத்தனை மரம் குறையுது? அந்தக் கூலிய யார் தருவா?” மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்வரை, கயிற்றை மாட்டும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. கயிற்றோடு ஏறினால் மரத்துக்குச் சில ரூபாய் கூட என்று நீங்களே பேசிவிட்டால், பெல்ட் மூலையில் தொங்காது. முழு உடல் பெல்ட்டுக்கு ஆகும் செலவு சில ஆயிரம். தோப்பின் பெயரில் ஒன்றை வாங்கி மோட்டார் அறையில் மாட்டிவையுங்கள். எந்த ஆள் வந்தாலும் அது அங்கே இருக்கும். வெயிலும் பூச்சிமருந்தும் படாமல் வைத்தால் போதும்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் கருவியோடு ஏறும் பயிற்சி தருகிறது. ‘கேர சுரக்‌ஷா’ என்று மரமேறுபவர்களுக்கான காப்பீடும் வாரியத்தில் உண்டு. சந்தாவில் பெரும்பங்கை வாரியமே கட்டிவிடும். பனையேறிகளுக்கு நல வாரியம் இருக்கிறது. இவை எதிலும் சேராதவர்கூட வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாய், உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். உங்கள் தோப்பில் ஏறுபவர் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்களா?

இத்தனைக்கும் பிறகு விழுந்துவிட்டால், அவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைக்காதீர்கள். முதுகெலும்பு உடைந்தவரை இப்படித் தூக்கினால், நடக்கக்கூடியவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரும். மூச்சு வருகிறதா என்று பாருங்கள், 108-ஐ அழையுங்கள், தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் நான்கு பேர் சேர்ந்து உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்றுங்கள். கதவைக் கழற்றினாலும் சரி. கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் தாமதிக்காமல் இறக்க வேண்டும். தொடைப் பட்டை இரத்த ஓட்டத்தை அழுத்திவிடும், மயக்கம் வரும். அதனால் தோப்பில் ஒருவர் மட்டும் தனியாக ஏறக் கூடாது. கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும்; இன்னொரு கருவி கைவசம் இருக்க வேண்டும்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்றுப்பைச் சட்டைக்கு மானியம் கேட்டு மனுக்கள் வரத் தொடங்கினால், முதலில் அதை உயர மரத்திலும் கருக்கு மட்டையிலும் நம் வெயிலிலும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பணத்தை முழு உடல் பெல்ட்டுக்கும், பாதுகாப்பு இணைப்புக்கும், தோப்பு புதுப்பிக்கும்போது நடும் குட்டை, நெட்டை-குட்டைக் கன்றுகளுக்கும் கேளுங்கள். அடுத்த தேங்காய் வெட்டுக்கு 45 நாள்தான் இருக்கிறது. பெல்ட் வாங்க அது போதுமான அவகாசம்.