கயிறு கட்டியவனும் பதிலியா?

1999 ஜூலை 4. கார்கில் டைகர் ஹில்லின் செங்குத்துப் பாறை. தோழர்கள் ஏறக் கயிறு கட்ட முன்வந்த ஜவான் யோகேந்திர சிங் யாதவுக்கு வயது 19. குண்டுகள் உடலைத் துளைத்த பின்னும் மிச்சமிருந்த 60 அடியை ஏறினார்; பதுங்குகுழிக்குத் தவழ்ந்து போய் எறிகுண்டு வீசி எதிரியின் துப்பாக்கிகளை அடக்கினார். பரம்வீர் சக்கரம் பெற்றார். கௌரவ கேப்டனாகி ஓய்வு பெற்றார்.

நமது குன்னூரை அடுத்த வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி பெறும் பிள்ளைகளின் கதி என்ன? 2022-ல் சர்க்கார் கொண்டுவந்த அக்னிபாத் திட்டப்படி சர்வீஸ் 4 வருஷந்தான். அதன்பின் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரமில்லை. மற்றவர்களுக்கு ஒரு தொகை, பென்ஷன் கிடையாது. மில்லில் வருஷக்கணக்காய்ப் பதிலியாக நின்றவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியாததா? பட்டாளத்துக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பழைய சர்வீஸும் பென்ஷனும் வேண்டுமென்று கேட்கிறோம்.