கூடார வாசலில் நின்ற ஐவர்

மறுபடியும் இல்லை என்றுதான் பதில். அதையாவது உறுதியாகச் சொன்னார்களா? பெண்களைத் திருத்தொண்டர்களாகத் திருநிலைப்படுத்தலாமா என்று ஆராய்ந்த வத்திக்கான் குழுவின் அறிக்கை 2025 டிசம்பர் 4 அன்று வெளியானது. அந்த வழியில் போவதற்கில்லை என்கிறது அறிக்கை. கையோடு, இது இறுதித் தீர்ப்பு அல்ல என்றும் சொல்கிறது. கதவைச் சாத்திவிட்டார்கள், தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை.

நம்மை உறுத்துவது அறிக்கையில் வரும் வேறொரு காரணம். குழுவுக்கு வந்த மனுக்கள் சில நாடுகளிலிருந்தே வந்தவையாம். ஆகவே அவற்றை இறைமக்களின் குரலாகக் கொள்ள முடியாதாம். குழுவில் பெண்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவிலிருந்து யாராவது முத்துக்குளித்துறைக்கு வந்து கேட்டார்களா? 1530களில் இங்கே பரதவர் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்ற நாள் முதல் விசுவாசத்தை வீட்டுக்குள் காத்தது யார்? ஆண்கள் கடலில் கிடந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்ததும், நவநாளுக்கு ஆள் சேர்த்ததும், மீன் விற்ற காசை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துப் பனிமய மாதா திருவிழாவுக்குக் காணிக்கை போட்டதும் பெண்கள். கேளாமல் இருந்துவிட்டு, குரல் வரவில்லை என்பது என்ன நியாயம்?

குழுவினர் விவிலியத்தில் எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். செலொபுகாதுவின் புதல்வியர் ஐவர்: மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. தந்தை பாலைநிலத்தில் இறந்துவிட்டார். ஆண் வாரிசு இல்லை. நிலத்தில் எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று சந்திப்புக்கூடார வாசலில், மோசேயும் குருவும் தலைவர்களும் மொத்தச் சபையும் பார்க்க நின்றார்கள். நீங்கள் ஐந்து பேர்தானே, மற்றக் குலத்துப் பெண்கள் யாரும் கேட்கவில்லையே என்று மோசே திருப்பி அனுப்பவில்லை. தனக்கு விடை தெரியாத வழக்கைக் கடவுளிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வந்தது. பங்கு கிடைத்ததோடு சட்டமும் மாறியது. (36ஆம் அதிகாரத்தில் குலப் பெரியவர்கள் வந்து, சொந்தக் குலத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்று ஒரு முட்டுக்கட்டை போட்டார்கள். பெரியவர்கள் எந்தக் காலத்திலும் பெரியவர்கள்தான்.)

எண்ணிக்கை நூலும் அடங்கிய தோராவை உயிராகக் கொண்ட யூதர்களும் ஒன்றும் அவசரப்பட்டுவிடவில்லை. ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் என்ற பெண் ரபி, அதாவது யூத மதகுரு, ஆனது 1935இல். 1944இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் ரபி ஆக 1972வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைதீகப் பிரிவினரில் பலர் இன்றும் ஒப்பவில்லை. ஆனாலும் அங்கே வழக்கு ஊரறிய நடக்கிறது.

வத்திக்கானின் கதை? 2016இல் ஒரு குழு. 2019இல் கருத்து ஒத்துவரவில்லை என்று முடிந்தது. 2020இல் இன்னொரு குழு; அதன் அறிக்கைதான் மேலே சொன்னது. 2024 அக்டோபரில் ஆயர் மாமன்றம், கேள்வி திறந்தே இருக்கிறது என்றது. இடையில் 2021இல், பெண்களும் வாசகர் பணி ஏற்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அடேயப்பா! நம் கோயில்களில் பெண்கள் அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பிருந்தே வாசகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரே நடப்பதை ஒப்புக்கொள்ளவே இத்தனை காலம் எடுத்தவர்கள், நடக்காததை எப்போது யோசிப்பார்கள்?

வழி ஒன்று கண்டாக வேண்டும். அது எப்படி என்பதை அதிகாரம் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு குழு அமைக்கும் யோசனை மட்டும் இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.