மூடியைத் திறக்க விடுங்கள்
2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திய பிறகு, யாழ்ப்பாணத்து நெல்லியடிப் பக்க வீடுகளில் நன்றாக ஓடக்கூடிய கணினிகளும் பழசென்று மூலைக்குப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பின், புதுக்கணினி எல்லாப் பெற்றோருக்கும் எட்டுமா? பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்.எஸ்.டி.யைப் பூட்டினால், நிமிடக்கணக்கில் முனகிய பெட்டி சில விநாடிகளில் விழித்துக்கொள்ளும். பீப் ஒலி மட்டும் கேட்டுத் திரை இருண்டே கிடந்தால், மின் வயரைப் பிடுங்கிவிட்டு, றாம் நினைவகத்தைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். பல தடவை அதுவே போதும். விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. இதற்கெல்லாம் ஒரு திருப்புளியும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். நாமோ கணினி வகுப்பென்றால் வேர்ட், எக்செல்லோடு நின்றுவிடுகிறோம். ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பழைய பெட்டியின் மூடியைத் திறக்க அனுமதி கொடுங்கள், பெண்பிள்ளைக்கும்தான்.